ஓதாமல் வந்த கவியா? சின்னக்காவணம் முதல் வடலூர் வரை ஒரு படைப்பாற்றலின் வரலாறு

முன்னுரை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் மின்சார இரயில் திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை ஆகிய நிலையங்களைக் கடந்து செல்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளுக்குச் செல்லும் தொழிலாளரும், பொன்னேரிக் கல்லூரியில் பயிலும் மாணாக்கரும், கூடையோடு ஏறி இறங்கும் சிறு வணிகரும் அவ்வண்டியில் அன்றாடம் பயணம் செய்கின்றனர். இவர்களுள் கவிதை எழுதுவோரும் உளர். இரவு ஷிப்டு முடித்து வந்து, உறக்கம் பிடிக்காத பகற்பொழுதில் குறிப்பேட்டில் நான்கு வரி எழுதுவோர் உளர். எழுதியதைக் கவியரங்கிற்குக் கொண்டுவந்தும் படிக்கத் தயங்கி, சட்டைப்பையிலேயே வைத்துத் திரும்பிச் செல்வோரும் உளர். முறையாகத் தமிழ் பயிலாதவருக்குக் கவிதை கைவருமா, கவித்திறம் பிறவியிலேயே வாய்க்க வேண்டியதன்றோ என்னும் ஐயமே அத்தயக்கத்திற்குக் காரணம்.

இவ்வையத்திற்கு விடைகூறும் வரலாறு ஒன்று அதே இருப்புப் பாதையின் ஓரத்தில் இருக்கிறது. பொன்னேரியை அடுத்துள்ள சின்னக்காவணம் என்னும் சிற்றூர், திருவருட்பா பாடிய இராமலிங்க அடிகளின் தாய் பிறந்த ஊராகும். பள்ளியில் முறையாக ஓதாதவர் என்று போற்றப்படும் ஒருவர் ஏறத்தாழ ஆறாயிரம் பாடல்களைப் பாடியது எவ்வாறு என்னும் வினாவை எழுப்பி, அவருடைய வாழ்க்கைச் செய்திகளின் துணைகொண்டு விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னூலார் காட்டும் கணக்கு

படைப்பாற்றலைப் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. செய்யுளின் வனப்புகள் எட்டனைக் கூறவந்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றற்கு ‘விருந்து’ எனப் பெயரிட்டார். புதியதாகத் தொடுக்கப்படும் செய்யுளையே அது குறிக்கும். வீட்டிற்குப் புதியராய் வருபவரைக் குறிக்கும் சொல், கவிதைக்குப் புதிதாய் வருவதையும் குறித்தது. புதுமையை அஞ்சாது வாயிலில் நின்று வரவேற்கும் மனநிலை இச்சொல்லாட்சியில் புலனாகிறது.

ஆற்றல் வளரும் முறையைப் பேசுவது பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரம். ஆசிரியர் உரைப்பதைச் செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்கு வாய்ப்பது புலமையில் கால் பங்கே என்கிறது அந்நூல். உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால் பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே நிறைவுறும். ஆசிரியரைத் தெய்வமாக மதித்த ஒரு மரபு ஆசிரியருக்குக் கால் பங்கை மட்டுமே ஒதுக்கியது வியப்பிற்குரியது. ஏனைய முக்கால் பங்கும் கற்பவன் கையில் இருக்கிறது. இராமலிங்கரின் வாழ்வை இக்கணக்கில் இட்டுப் பார்த்தால், ‘ஓதாமல் வந்த கவி’ என்பதன் பொருள் தெளிவாகும்.

மண்ணின் மரபு

திருவள்ளூர் வட்டாரம் விருந்துச் செய்யுளுக்குப் பழகிய மண். காரைக்காலில் பிறந்த புனிதவதியார், காரைக்காலம்மையாராகித் திருவாலங்காட்டை அடைந்து பாடினார் என்பது பெரியபுராணம் காட்டும் வரலாறு. அவர் அருளிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும், அற்புதத் திருவந்தாதியும், திருவிரட்டை மணிமாலையும் பிற்காலத்துப் பதிகத்திற்கும் அந்தாதிக்கும் இரட்டை மணிமாலைக்கும் முன்னோடிகளாகத் திகழ்கின்றன. தேவார மூவருக்கு முன்பே, வணிகக் குலத்தில் இல்லறம் நடத்திய ஒரு பெண், தம் அனுபவத்திற்கு ஏற்ற வடிவத்தைத் தாமே தேடிக்கொண்டார். சுடுகாட்டையும் பேய்க்கூட்டத்தையும் பாடுபொருளாக்கத் துணிந்தார்.

திருமழிசையில் பிறந்த ஆழ்வாரைப் பிரம்பு அறுக்கும் தொழில்செய்த ஒரு குடும்பத்தார் எடுத்து வளர்த்தனர் என்பது வைணவ மரபு. நான்முகன் திருவந்தாதியும் திருச்சந்த விருத்தமும் அவர் வாக்கு. சந்தத்தின் துள்ளலையே பொருளின் ஊர்தியாக்கிய திறத்தைப் பின்னதில் காணலாம்.

இவ்விருவரும் குலவழியாகப் புலமைத் தொழில் பெற்றவரல்லர். எனினும், அவர்களுடைய ஆற்றல் வளர்ந்த படிகளைக் காட்டும் சான்றுகள் காலத்தில் மறைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த இராமலிங்கர் செய்தி வேறு. அவர் எழுதிய கடிதங்களும், பதிப்பித்த நூல்களும், அவருடைய மாணாக்கர் எழுதிவைத்த குறிப்புகளும் கிடைக்கின்றன. ஆகவே அவரைக் கொண்டு இவ்வினாவை ஆராய்தல் தகும்.

கேள்விச் செல்வம்

இராமலிங்கர் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாகத் தோன்றினார். குழந்தை பிறந்து ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே தந்தையார் மறைந்தார். ஐந்து பிள்ளைகளோடு தனித்து நின்ற தாய் தம் பிறந்த ஊராகிய சின்னக்காவணத்திற்கு வந்தார். சில காலத்திற்குப் பின் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்து ஏழுகிணற்றுப் பகுதியில் தங்கியது. பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்தின் கடைசிப் பிள்ளை அவர். இன்று தொழிற்பேட்டையை நாடி வந்து வாடகை வீட்டில் வாழும் குடும்பங்களுக்கு இந்நிலை அயலானதன்று.

மூத்த தமையனார் சபாபதி, காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் பயின்று புராணச் சொற்பொழிவு ஆற்றிக் குடும்பத்தைக் காத்தார். தம்பியையும் அதே ஆசிரியரிடம் அனுப்பினார். தம்பியோ பாடம் கேட்பதை விட்டுக் கந்தகோட்டத்து முருகன் திருமுன் நின்று பாடிக்கொண்டிருந்தார். அதனைக் கண்ட மகாவித்துவான், இப்பிள்ளைக்குத் தாம் கற்பிக்க வேண்டுவது இல்லை எனக் கூறிவிட்டதாக வரலாற்று நூல்கள் உரைக்கும். ஆசிரியர் வழி வரவேண்டிய கால் பங்கு இவ்வாறு நின்றுபோயிற்று.

ஆயினும் அப்பிள்ளை வளர்ந்த வீட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமையனார் தொழிலே புராணம் சொல்லுதல். தேவாரமும் திருவாசகமும் பெரியபுராணமும் அவ்வீட்டில் அன்றாட ஒலிகள். சொற்பொழிவிற்கு முன் தமையனார் பாடல்களை உருவேற்றியதும், பொருளைப் பகுத்து அடுக்கியதும், பாடற் பகுதியை இசையோடு படித்ததும் சிறுவன் செவியில் நாள்தோறும் விழுந்திருத்தல் இயல்பு. திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், கேள்விக்கெனத் தனியே ஓர் அதிகாரமும் வகுத்தார். கல்லாதவனும் கேட்டலால் பெறும் ஊன்றுகோலை அங்கே அவர் எடுத்துக்காட்டுகிறார். இராமலிங்கர் பள்ளியை விட்டாரேயன்றிக் கேள்வியை விடவில்லை.

கண்ணாடி அறை

படிப்பில் நாட்டமில்லாத தம்பியைத் தமையனார் கடிந்தார். வீட்டில் சோறிடலாகாது எனவும் கட்டளையிட்டார் என்பர். அண்ணியார் பாப்பாத்தியம்மாள் மறைவில் உணவளித்துக் காத்தார். பின்னர் வீட்டில் தங்கிப் படிப்பதாகக் கூறிய இராமலிங்கர் மாடியில் ஓர் அறையைக் கேட்டுப் பெற்று, அங்கே ஒரு கண்ணாடியை நிறுத்தி, அதற்கு மலர்சூட்டி விளக்கேற்றி, அதன்முன் நெடுநேரம் அமர்ந்திருந்தார். அக்கண்ணாடியில் திருத்தணிகை முருகன் தோன்றக் கண்டு பாடினார் என்பது அவர்தம் ஒன்பதாம் வயதில் நிகழ்ந்ததாக வழங்கும் செய்தி.

அடியார்க்கு இஃது அருள் நிகழ்ச்சி. படைப்பாற்றலை ஆராய்வோர்க்கும் இதில் பாடம் உண்டு. கண்ணாடியின்முன் அமர்பவனுக்கு முதலில் தெரிவது தன் முகமே. அதனைவிட்டு அகலாமல் நாள்தோறும் நோக்கியிருக்கும் பொறுமை எளிதில் வருவதன்று. தன்னுள் எழும் அச்சம், ஏக்கம், குற்றவுணர்வு ஆகியவற்றை மறையாமல் காணப் பழகிய பின்னரே, அவற்றைக் கடந்து நிற்கும் ஒன்றைக் காணும் பார்வை வாய்க்கிறது. திருவருட்பாவின் முற்பகுதி முழுவதும் தன்னைத் தானே கூர்ந்து நோக்கி முறையிடும் குரலாக அமைந்துள்ளமைக்கும், நெஞ்சை நோக்கி அறிவுரைக்கும் ‘நெஞ்சறிவுறுத்தல்’ எனும் நெடும்பாட்டு எழுந்தமைக்கும் வித்து இக்கண்ணாடி அறையில் ஊன்றப்பட்டது எனலாம்.

பெரிய இல்லமோ தனி நூலகமோ அவருக்கு வாய்த்திலது. ஓர் அறையும் ஒரு கண்ணாடியும், உணவளித்த ஓர் அண்ணியாரும் வாய்த்தனர். படைப்பாளியைக் காத்தவர் வரலாற்றில் பாப்பாத்தியம்மாளின் பெயருக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

நடையும் பாட்டும்

பன்னிரண்டாம் வயதளவில் தொடங்கி, சென்னையை விட்டு நீங்கும்வரை, ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகள் இராமலிங்கர் திருவொற்றியூருக்குச் சென்று வழிபட்டார். ஏழுகிணற்றிலிருந்து கடற்கரை ஓரமாக வடக்கு நோக்கிச் செல்லும் வழி அது. வடிவுடையம்மனைப் பாடிய ‘வடிவுடை மாணிக்க மாலை’ 101 கட்டளைக் கலித்துறைப் பாக்களால் ஆனது. எழுத்தெண்ணிப் பாடவேண்டிய அவ்யாப்பில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களைத் தளர்ச்சியின்றிப் பாடுதற்குக் காதில் யாப்பின் ஓசை ஊறியிருத்தல் வேண்டும். நடந்துகொண்டே பாடிப் பழகியவர்க்கு அடியின் அளவு காலின் அளவோடு கலந்துவிடுவது இயற்கை.

திருவொற்றியூரோடு அவர் நின்றாரல்லர். திருத்தணிகை, திருமுல்லைவாயில், பாடி எனப்படும் திருவலிதாயம் என இவ்வட்டாரத்துத் தலங்கள் பலவும் அவர் பாடலில் இடம்பெற்றன. எவ்வுள் என்று ஆழ்வார்கள் பாடிய திருவள்ளூரின் வீரராகவப் பெருமாள் மீது ‘வீரராகவர் போற்றிப் பஞ்சகம்’ பாடினார். சைவக் குடும்பத்தில் பிறந்து முருகனையும் சிவனையும் பாடிவந்த ஓர் இளங்கவிஞர், தம் எல்லையைத் தாண்டி மற்றொரு வாயிலில் நின்று பாடியமை நோக்கத்தக்கது. பிற்காலத்தில் சமயப் பிரிவுகளைக் கடந்த சமரசம் பேசிய அவருடைய நெஞ்சின் முதல் விரிவு திருவள்ளூர்ப் பாடலில் தென்படுகிறது. பழகிய பொருளையே பாடிக்கொண்டிருப்பவனின் கவி காலப்போக்கில் வற்றும். பழகாத வாயிலைத் தட்டுபவனுக்கே விருந்து வாய்க்கும்.

முதல் அவை

நன்னூலார் கணக்கின் அரைப்பங்கு இராமலிங்கருக்கு இளமையிலேயே கிட்டியது. முத்தியாலுப்பேட்டையில் சோமு செட்டியார் என்பவர் இல்லத்தில் சபாபதி தொடர்சொற்பொழிவு நிகழ்த்தி வந்தார். ஒருநாள் உடல்நலம் குன்றியமையால், தம்பியை அனுப்பிச் சில பாடல்களைப் பாடி வரவியலாமையைத் தெரிவித்து வருமாறு பணித்தார். சென்றவரோ திருஞானசம்பந்தர் வரலாற்றை எடுத்துக்கொண்டு நள்ளிரவுவரை விரித்துரைத்தார். அவையோர் வியந்து, இனி அவரே தொடர்ந்து சொல்ல வேண்டும் என வேண்டினர். பின்பு தமையனார் மறைவில் நின்று கேட்டுத் தம் தம்பியின் திறத்தை உணர்ந்தார் என்பர்.

வியப்புச் செய்தியாக இது சொல்லப்பட்டு வருகிறது. ஆண்டுக்கணக்கில் கேட்டவையும், தனியறையில் எண்ணியவையும், நடைவழியில் பாடியவையும் ஓர் அவை கிடைத்ததும் ஒன்றுதிரண்டு வெளிப்பட்டன எனக் கொள்வது பொருந்தும். உள்ளே சேர்ந்தது எவ்வளவு என்பதை, எடுத்துரைக்கும் நேரம் வரும்வரை உரைப்பவனும் அறியான்.

உடன்பயில்வார்

1849-ஆம் ஆண்டில் தொழுவூர் வேலாயுத முதலியார் மாணாக்கராக வந்து சேர்ந்தார். பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக விளங்கியவர் அவர். முதல் சந்திப்பில், தாமே இயற்றிய நூறு செய்யுட்களைச் சங்கப் பாடல்கள் எனக் கூறி இராமலிங்கரிடம் காட்டினாராம். படித்துப் பார்த்தவர், இவற்றில் குற்றங்கள் உள்ளன, சங்கப் புலவர் வாக்கில் இவை வாரா, கற்றுக்குட்டி ஒருவன் செய்தவை எனக் கூறிவிட்டார். வேலாயுதனார் உண்மையை ஒப்புக்கொண்டு அவரையே ஆசிரியராக ஏற்றார் என்பது வழங்கும் செய்தி.

இச்செய்தியில் இருவர் பெருமையும் உண்டு. பொய்ப்புகழ் கூறாத கேட்பவர் ஒருவர். தம் நூறு பாட்டும் தள்ளப்பட்டபோது சினந்து எழுந்து போகாத கவிஞர் மற்றொருவர். கூடிப் பயில்வதால் வரும் கால் பங்கு இத்தகைய உறவிலே விளைவது. படித்த பாட்டிற்கெல்லாம் கைதட்டிப் பொன்னாடை போர்த்தும் அவையில் அது விளையாது. சீர் தளைதட்டும் இடத்தையும், சொல் பொருளுக்குப் பொருந்தாத இடத்தையும் அன்போடு சுட்டுபவரே உடன்பயில்வார் எனும் பெயருக்கு உரியவர்.

இக்காலத்தில் இராமலிங்கர் ஆற்றிய பணிகளும் கருதத்தக்கன. 1851-இல் ‘ஒழிவிலொடுக்கம்’ என்னும் நூலைப் பதிப்பித்தார். 1854-இல் மனுநீதிச் சோழன் வரலாற்றை ‘மனுமுறை கண்ட வாசகம்’ என்னும் பெயரில் உரைநடையாக எழுதினார். சேக்கிழார் சில பாடல்களில் கூறிய செய்தி, மகன் செய்த பிழையால் கலங்கும் ஒரு மன்னனின் நெடிய தன்விசாரணையாக அங்கே விரிகிறது. 1855-இல் படிக்காசுப் புலவரின் ‘தொண்டமண்டல சதகம்’ அவரால் பதிப்பிக்கப்பெற்றது. இந்நிலத்தின் பெருமை பேசும் அந்நூலின் பெயரில் உள்ள சொல்வடிவம் பற்றியே விரிவான இலக்கண விளக்கம் ஒன்றை எழுதினார். 1857-இல் ‘சின்மய தீபிகை’ வெளிவந்தது. ஏட்டுச்சுவடியைப் படித்துப் பாடம் தேர்ந்து அச்சிற்குக் கொடுப்பதும், ஒரு சொல்லின் வடிவத்திற்காகப் பக்கக் கணக்கில் வாதிடுவதும் கடும்பயிற்சியைக் காட்டுவன. ஓதாதவர் எனப்பட்டவர் ஓயாது உழைத்திருக்கிறார்.

ஓதாதுணர்தல் என்பதன் பொருள்

இங்கு ஓர் எதிருரை எழலாம். பள்ளியில் ஓதாமலே தமக்கு எல்லாம் உணர்த்தப்பட்டன என இறைவனை நோக்கி அடிகளே நன்றி கூறியிருக்கும்போது, பயிற்சி எனப் பேசுவது அவர்தம் வாக்கை மறுப்பதாகாதோ என்பர்.

மறுப்பதாகாது. பெற்ற பேற்றின் மூலத்தைக் கூறுவது நன்றியுரை. அது வளர்ந்த வழியைக் கூறுவது வரலாறு. நெல் விளைந்ததற்கு மழையை வணங்கும் உழவன், தான் ஏர் உழவில்லை என்று கூறுவதில்லை. சிக்கல் அடிகளின் சொல்லில் இல்லை, அதனைப் பிற்காலத்தார் கையாண்ட முறையில் இருக்கிறது. ‘அவர் பிறவிக் கவி’ என்று வியந்து விலகுவோர், அவருக்குப் பெருமை செய்வதாக எண்ணி, அவர் நடந்த வழியைப் பிறருக்கு அடைத்துவிடுகின்றனர். பின்வருபவன், தனக்கு அப்பேறு இல்லை எனக் கைகட்டி நின்றுவிடுகிறான். தொழிற்பேட்டைக் கவிஞனின் சட்டைப்பையில் மடங்கிக் கிடக்கும் தாளுக்கும் இவ்வியப்புக்கும் தொடர்பு உண்டு.

வெளியிடுதலில் அடக்கம்

அடிகள் தம் பாடல்களை அச்சிட விரைந்தவரல்லர். 1858 அளவில் கருங்குழியில் தங்கிய அவரை, 1860-ஆம் ஆண்டிலிருந்தே இறுக்கம் இரத்தின முதலியார் பாடல்களைத் தொகுத்து அச்சிட இசையுமாறு வேண்டிவந்தார். பாடல்கள் வந்து சேரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளை உணவே கொள்வதாக அவர் உறுதிபூண்டார் என்று அறிந்தபின்பே அடிகள் மனமிரங்கினார். இராமலிங்கசாமி எனத் தம் பெயரை வழங்குதல் ஆரவாரமாகத் தோன்றுகிறது, தமக்கு அது சம்மதமன்று என்னும் கருத்தில் அவர் எழுதிய திருமுகம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

வேலாயுத முதலியார் ஆறு திருமுறைகளாக வகுத்து, ‘திருவருட்பா’ எனப் பெயரிட, முதல் நான்கு திருமுறைகள் 1867-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்தன. அப்போது அடிகளுக்கு 43 வயது நிறைந்திருந்தது. ஒன்பது வயதில் பாடத் தொடங்கியதாகக் கூறப்படுபவரின் பாடல்கள் நூலாவதற்கு முப்பதாண்டுகளுக்கு மேல் ஆயின. திருத்தணிகைப் பாடல்களைக் கொண்ட ஐந்தாம் திருமுறை 1880-இலும், ஆறாம் திருமுறை 1885-இலும் அவருக்குப் பின்னரே அச்சேறின.

வெளிவந்ததும் வரவேற்பு மட்டும் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், தேவார திருவாசகங்களுக்கு உரிய ‘அருட்பா’ எனும் பெயரை இந்நூலுக்கு இடுதல் தகாது என எதிர்த்தார். கண்டன நூல்கள் எழுந்தன. மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை பூசல் சென்றது. தமிழ் உரைநடைக்கும் பதிப்பிற்கும் பெருந்தொண்டாற்றிய நாவலரின் எதிர்ப்பு எளிதாகத் தள்ளக்கூடியதன்று. எனினும், தம் வழியில் பாடுவதை அடிகள் நிறுத்தவில்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரும் அவர் கவிதை புதிய திசையில் திரும்பியது என்பதே வரலாறு தரும் வியப்பு.

வடிவ மாற்றம்

முற்காலப் பாடல்களான ‘திருவடிப் புகழ்ச்சி’ போன்றவை வடசொல் செறிந்த நெடிய அடிகளால் ஆனவை. கற்றோர் அவையை நோக்கியவை. 1867 மே மாதம் வடலூரில் தருமசாலை தொடங்கிப் பசித்தவர்க்கு உணவளிக்கத் தலைப்பட்டபின், அடிகளின் கேட்போர் மாறினர். உழவரும் பெண்டிரும் வழிப்போக்கரும் வந்தனர். கும்மியும் பந்தாடலும் சின்னம் ஊதுதலும் சங்கூதுதலும் நாமாவளியும் பாட்டின் வடிவங்களாயின. கற்றோர்க்குரிய நெடும்பாட்டில் வல்லவர், சிறுமியர் கைகொட்டிப் பாடும் மெட்டில் தம் உயர்ந்த கருத்தை வைத்தார். 1872-ஆம் ஆண்டு ஏப்ரலில் மேட்டுக்குப்பத்தில் ‘அருட்பெருஞ்ஜோதி அகவலை’ எழுதினார். தமிழின் மிகப் பழைய யாப்பான அகவலில், எளிய சொற்களால் இயன்ற 1,596 அடிகள் அவை. அப்போது அவர் வயது 48.

கடும்பயிற்சியால் பெற்ற திறத்தை மறைத்து எளிமையாக்கத் தெரிவது படைப்பாற்றலின் முதிர்நிலை. முதலிலேயே எளிமையில் தொடங்கிப் பயிற்சியைத் தவிர்ப்பது அதற்கு நிகராகாது. அகவலின் எளிமைக்குப் பின்னால் கட்டளைக் கலித்துறையில் எழுத்தெண்ணிய ஆண்டுகள் நிற்கின்றன.

அச்சுக்கோத்த கரம்

இவ்வழி அடிகளுக்கு மட்டும் உரியதோ எனின், அன்று. திருத்தணியின் வரலாற்றோடு பிணைந்த மற்றொருவர் வாழ்வு இதற்குச் சான்று. 1906-இல் சென்னையில் பிறந்த ம.பொ. சிவஞானம் வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நெசவும் கூலிவேலையும் செய்தபின், டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ இதழின் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராகப் பணியாற்றினார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்கும் தொழில், சொல்லின் அமைப்பையும் தொடரின் ஒழுங்கையும் விரல்வழியே கற்பிக்கக் கூடியது. 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறைப்பட்டுச் சிலப்பதிகாரத்தை ஆழ்ந்து பயின்றார். சிறையில் கற்றதை வெளியே வந்து மேடைதோறும் எடுத்துரைத்தார். ‘சிலம்புச் செல்வர்’ எனும் பெயர் அவ்வாறு நிலைபெற்றது. நன்னூலார் கூறிய அரைப்பங்கை மேடையில் பெற்றவர் அவர்.

வடக்கெல்லைப் போராட்டத்தில் அவர் முன்னின்றார். அதன் பயனாய்த் திருத்தணி 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தது. 1966-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற அவருடைய நூலின் பெயர் ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’ என்பதாகும். கண்ணாடியில் திருத்தணிகையைக் கண்டு பாடிய கவிஞரைப் பற்றித் திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிய முன்னாள் அச்சகத் தொழிலாளி எழுதிய நூல், நாட்டின் உயர்ந்த இலக்கியப் பரிசைப் பெற்றது. தொழிற்கூடத்திலிருந்து இலக்கியத்திற்கு வழி உண்டு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நிறைவுரை

தனிமனிதப் படைப்பாற்றல் வளரும் நெறியை மேற்கண்ட வரலாற்றால் தொகுத்துக் காணலாம். கேள்வியால் அது ஊன்றுகிறது. தன்னைத் தான் நோக்கும் தனிமையால் வேர்விடுகிறது. இடையறாப் பயிற்சியால் தண்டு தடிக்கிறது. குற்றம் காட்டும் நட்பால் களையெடுக்கப்படுகிறது. எடுத்துரைக்கும் அவையால் பூக்கிறது. புதிய கேட்போருக்காகத் தன்னை மாற்றிக்கொள்ளத் துணியும்போது கனிகிறது. இவற்றுள் பள்ளிச் சான்றிதழ் இன்றேல் நடவாது எனத்தக்கது ஒன்றும் இல்லை. உழைப்பின்றி நடக்கத்தக்கதும் ஒன்றும் இல்லை.

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் பயனும் இங்குதான் விளங்கும். ஆசிரியரிடமிருந்து வரும் கால் பங்கு சிலருக்கு வாய்த்திருக்கலாம். பலருக்கு வாய்க்காதிருக்கலாம். உடன்பயில்வாரால் வரும் கால் பங்கை வட்டம் தரல் இயலும். வந்த பாட்டைப் பொறுமையோடு கேட்டு, பிழை இருப்பின் மறைக்காமல் சொல்லி, சொன்னபின் அக்கவிஞரை அடுத்த கூட்டத்திற்கும் அழைப்பது அதன் கடமை. எஞ்சிய அரைப்பங்கு ஒவ்வொருவரும் எழுந்து நின்று தம் பாட்டைப் படிக்கும் துணிவில் இருக்கிறது.

திருவொற்றியூரில் ஏறுபவரும் பொன்னேரியில் ஏறுபவரும் ஒரே வண்டியில்தான் கும்மிடிப்பூண்டிக்குச் செல்கின்றனர். அவ்விரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட நிலம், ஆசிரியரின்றித் தொடங்கிய ஒருவருக்குச் செவியையும் நடையையும் தந்த நிலம். சட்டைப்பையில் மடித்து வைத்த தாளை அடுத்த கூட்டத்தில் ஒருவர் வெளியே எடுப்பாராயின், சின்னக்காவணத்துச் சின்னம்மையார் தம் கடைசிப் பிள்ளையைச் சுமந்து வந்த வழி இன்னும் முடியவில்லை என்று கொள்ளலாம்.